அப்பாவைத் திருகோணமலையில் விட்டுவிட்டு வந்த பயணம்

போன மாதம் பினாங்கு பற்றி நான் எழுதிய கட்டுரைக்குக் கீழே மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் திருகோணமலையில் ஒரு வீடு எடுத்து இருந்துவிடலாமா, அந்த ஊர் வயதுபோனவர்களுக்குத் தோதுப்படுமா என்று. எங்கோ அந்த ஊர்ப் படங்களைப் பார்த்து மயங்கியிருக்கிறீர்கள் போல. நான் அங்கே முதன்முதல் போனது 1973 ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, ஓய்வு பெற்றிருந்தவர் என் அப்பா. ஆகவே இது ஐம்பது வருடப் பழைய பயணம். நேரமும் கட்டணமும் அன்றைய குறிப்புப் புத்தகத்தில் இருந்தபடி தருகிறேன். அதை நம்பி இன்றைக்கு டிக்கெட் எடுக்கப் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அப்பா மலாயா ரயில்வேயில் முப்பத்து மூன்று வருடம் வேலை செய்தவர். கடைசியாக செரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். அவருடைய தாய்தகப்பன் யாழ்ப்பாணத்தார், ஆனால் அவர் பிறந்தது தைப்பிங்கில். சிலோனைக் கண்ணாலும் கண்டதில்லை. அம்மா இறந்து நான்கு வருடமாகியிருந்தது. ஓய்வு பெற்றால் ரயில்வே குவாட்டர்ஸை விட வேண்டும். எனக்கு அந்த டிசம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் இரண்டே அறை, ஒன்றில் அவருடைய அம்மா. அப்பா எங்கே இருப்பார் என்ற கேள்வியை நான் கேட்கவில்லை, மற்றவர்களைக் கேட்கவும் விடவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வந்துவிடுமே.

அந்த நேரத்தில்தான் நல்லதம்பி அங்கிளின் கடிதங்கள் கைகொடுத்தன. அவர் அப்பாவின் பள்ளிக்கூடத் தோழர், ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஊசி போடும் டிரெசராக இருந்தவர். கல்யாணம் செய்யவில்லை. ஓய்வு பெற்றதும் திருகோணமலைக்குப் போய், வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். ஈப்போவில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஞானம் டீச்சரும் அதே வீட்டின் மறுபாதியில் இருந்தார். "ஏழு அறை, மாமரம், வாசலில் துறைமுகம். கனகு, நீயும் வந்திடு, மூன்று பேரும் ராசா மாதிரி இருக்கலாம்" என்று மாதம் ஒரு கடிதம். அப்பா அவற்றை இரண்டு தரம் வாசிப்பார். பிறகு ஒருநாள், "போய்ப் பாப்பம், பிள்ளை" என்றார். என் லீவு பத்து நாள். அதற்குள் அவரை அங்கே விடுவதா, திருப்பிக் கூட்டிவருவதா என்று நான் முடிவெடுக்க வேண்டும். முடிவு என் கையில் என்றுதான் நினைத்திருந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் கொழும்பு. இரண்டாம் நாள் காலை 6.10க்குக் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயில். தூரம் நூற்றெண்பத்து மூன்று மைல், இரண்டாம் வகுப்பு ஆளுக்குப் பதினெட்டு ரூபாய் சொச்சம். யன்னல் ஓரம் வேண்டுமென்றால் ஐந்தரைக்கே போய்விடுங்கள். கல்லோயாச் சந்தியில் ரயிலை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி மட்டக்களப்புக்கு, மறுபாதி திருகோணமலைக்கு. எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்பதைக் கொழும்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் சரியான பெட்டியில்தான் இருந்தோம். ஆனால் பெட்டி கழற்றுவதைப் பார்க்க அப்பா இறங்கிவிட்டார். நான் யன்னலால் கத்துகிறேன், மனிதர் அந்த நிலைய அதிபரோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறார்!

"ஐயா, வண்டி வெளிக்கிடப் போகுது, உங்கட மகள் கூப்பிடுறா" என்று அந்த அதிபர்தான் சொன்னார்.

"நீங்கள் கொடி காட்டாமல் அது எப்பிடி வெளிக்கிடும்?" என்று அப்பா கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா போனபின் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவருக்கு இந்த நாடு பிடித்துவிடும் என்ற நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

பிற்பகல் 2.40க்குத் திருகோணமலை. சீனக்குடா தாண்டியதும் வலப்பக்கம் தண்ணீர் தெரியத் தொடங்கும், எட்டிப் பாருங்கள். நிலையத்தில் அங்கிள் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றார், பக்கத்தில் அவருக்குப் பழக்கமான ஒரு பழைய ஏ-40 வாடகைக் கார். சாரதி கிண்ணியாக்காரர், சலீம் காக்கா. அங்கிளும் அப்பாவும் பின்னால் ஏறிக்கொள்ள, நான் முன்னால். மூன்று ரூபாய் என்று பேசினோம். அங்கிளை அந்தப் பகுதியில் எல்லோரும் மலாயா டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம்.

"என்ட மகளுக்கு நிமோனியா வந்த நேரம் டொக்டர்தான் தங்கச்சி காப்பாத்தினார்" என்றார் சலீம் காக்கா குரலைத் தாழ்த்தி. "இப்ப ஊசி போடுறதில்ல. கேட்டா, கை பென்ஷன் எடுத்திட்டுது எண்டுறார்."

நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

வீடு உவர்மலை இறக்கத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி. ஏழு அறை என்று எழுதியிருந்தாரல்லவா? எண்ணிப் பார்த்தேன். குசினி, குளியலறை, கோழிக்கூடு எல்லாம் சேர்த்தால் ஏழு வரும். மாமரம் அடுத்த வீட்டுக்காரருடையது. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, குடிக்கத் தண்ணீர் தெருக் குழாயில் எடுக்க வேண்டும். ஓடு நாலைந்து இடத்தில் உடைந்து, மழைக்கு என்ன செய்வார்களோ என்று இருந்தது. நான் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். ஞானம் டீச்சர் கண்டுகொண்டார். "ஏழு அறை எண்டது நான் போட்டது. டிரெசர் மூண்டு எண்டுதான் சொன்னவர். மூண்டு எண்டால் ஆர் வருவினம்?" என்றார், ஒரு கூச்சமும் இல்லாமல். கடிதத்தை இவர் ஏன் எழுதினார் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

டீச்சர் கட்டையான ஆள், குரல் மட்டும் அசெம்பிளி மைதானத்துக்குப் போதுமானது. யார் எப்போது குளிப்பது, யார் பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நிற்பது என்று நேரசூசி எழுதிக் குசினிக் கதவில் ஒட்டியிருந்தார். அது பஞ்ச காலம். வாரத்தில் இரண்டு நாள் கடைகளில் சோறு விற்கக்கூடாது. நாங்கள் போய்ச் சேர்ந்தது அப்படிப்பட்ட ஒரு நாள். டீச்சர் மரவள்ளிக்கிழங்கு அவித்து, கட்டைச் சம்பலோடு தந்தார். அப்பா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். ஜப்பான்காரன் காலத்தில் தின்று அலுத்த கிழங்கு, இனி வாழ்நாளில் தொடமாட்டேன் என்று வீட்டில் சத்தியம் பண்ணின மனிதர்!

நான்காம் நாள் காலை கோணேசர் கோயில். கோட்டை வாசலிலிருந்து மேலே நடக்க இருபது நிமிடம், வயதானவர்களோடு முப்பத்தைந்து. மான்கள் குறுக்கே வரும், வாழைப்பழத்தை மறைத்துக்கொள்ளுங்கள். அங்கிள் எங்களுக்கு வழிகாட்டியாக முன்னால் நடந்தார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி. மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். உச்சியில் சுவாமிப் பாறையோரம் நின்று கையை நீட்டினார்.

"கனகு, அந்தக் கறுப்புக் கப்பலைப் பாத்தியோ? ஒரு கிழமையா நிக்குது."

கடல் வெறிச்சென்று கிடந்தது. கப்பலும் இல்லை, தோணியும் இல்லை.

"ஓம்" என்றார் அப்பா. "பெரிய கப்பல்தான்."

இல்லாத கப்பல் அப்பாவுக்குத் தெரிகிறதென்றால் கண் போய்விட்டதா, புத்தி பேதலிக்கிறதா? மூன்று நாள் அவரை உளவு பார்த்தேன். சட்டைப் பொத்தான் சரியாகப் போடுகிறாரா, அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா என்று. பொறுக்கிய கல்லெல்லாம் கல்தான். அவரை இந்த நிலையில் பிறத்தியாரிடம் விட்டுப் போவதா என்று ஒரு மனம். அங்கிள் டிரெசர்தானே, என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று இன்னொரு மனம். இரண்டாவது மனம்தான் சத்தமாகப் பேசியது.

எட்டாம் நாள் குடாவுக்கு அக்கரையில் இருக்கும் மூதூருக்குப் போக வேண்டி வந்தது. காரணத்தைச் சொல்ல வேண்டும். மலாயாப் பென்ஷன் எடுக்கிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு இரண்டு முறை ஒரு சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்து, படிவத்தை அங்கே அனுப்ப வேண்டும். உயிரோடு இருப்பதற்குக் கூடச் சான்று! ஊருக்குள்ளேயே நீதவான்மார் இருக்கும்போது எதற்குக் குடா தாண்டிப் போக வேண்டும் என்று கேட்டேன். "மூதூரார் நல்ல ஆள், சாப்பாடும் தருவார்" என்றார் அங்கிள். அப்பாவுக்கும் முதல் படிவம் இருந்தது. மூவரும் புறப்பட்டோம்.

லாஞ்சி என்ற மோட்டார்ப் படகு காலை எட்டுக்கு, ஆளுக்கு ஒரு ரூபாய். கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம். ஓகஸ்டில் கச்சான் காற்று, கரையிலிருந்து நெருப்பாக வீசும், நடுக் குடாவில் அலையைக் கிளப்பும். வயிற்றைப் பிரட்டும் ஆட்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம், இரண்டு இடியப்பமாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது லாஞ்சிக்காரர் அங்கிளின் கையைப் பிடித்து, "பலகை ஈரம், டொக்டர், பாத்துக் கால வைங்க" என்றார். எனக்கும் அதே ஈரப் பலகைதான், என் கையை யாரும் பிடிக்கவில்லை.

நீதவான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், முற்றத்தில் மாதுளை நிற்கும் வீடு. அவருடைய மனைவிக்குக் காலில் ஆறாத புண் ஒன்று இருந்ததாம், அங்கிள்தான் ஆற்றியவர். "வாங்க டொக்டர், இரிங்க, தண்ணி குடிங்க" என்று சர்பத் வந்தது. அப்பா தன் படிவத்தில் கையெழுத்து வைத்தார். பிறகு அங்கிளின் படிவம். அங்கிள் பேனாவை எடுத்தார். பேனா காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அப்பா கதிரையைக் கிட்ட அரக்கி, தன் சுட்டுவிரலைப் படிவத்தில் வைத்தார், கோடு தொடங்கும் இடத்தில். பேனா மெல்ல இறங்கி அப்பாவின் நகத்தைத் தொட்டது. அங்கேயிருந்து அங்கிள் தன் பெயரை எழுதினார். சரியாகக் கோட்டுக்கு மேலே.

"இந்த முற கச்சான் சரியான கடுமை" என்றார் நீதவான். அவ்வளவு நேரமும் அவர் யன்னல் பக்கமாகத் திரும்பி, மாதுளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் பேனாவை மூடியபின்தான் திரும்பினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கறுப்புக் கண்ணாடி, பென்ஷன் எடுத்த கை, அப்பா ஓம் என்று சொன்ன இல்லாத கப்பல், கோயில் ஏற்றத்தில் முணுமுணுத்தது. மந்திரமில்லை, காலடியை எண்ணியிருக்கிறார். சலீம் காக்காவுக்குத் தெரியும், லாஞ்சிக்காரருக்குத் தெரியும், நீதவானுக்குத் தெரியும். என் அப்பாவுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள்.

பிற்பகல் ஒன்றரை லாஞ்சியில் திரும்பினோம். அங்கிள் என்ஜின் பக்கம் சாய்ந்து நித்திரை. நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தைக் கொட்டினேன்.

"அங்கிளுக்குக் கண் தெரியாது. உங்களை ஏமாத்திக் கூப்பிட்டிருக்கிறார். தன்னைப் பாக்க ஆள் தேவை எண்டு."

"முழுக்கத் தெரியாமல் இல்லை. வெளிச்சம் தெரியும்" என்றார் அப்பா. "கண்ணுக்குள்ளை அமுக்கம் கூடிட்டுது. இனி ஒண்டும் செய்ய ஏலாது எண்டு அவனே கண்டுபிடிச்சிட்டான். டிரெசர் எல்லே."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஆறு மாதமாக் கடிதம் வேறை கையெழுத்திலை வந்தது. எந்த ஸ்டேஷன்காரன் எழுதினது எண்டு பாத்த உடனை சொல்லுறவன் நான். இவன்ரை எழுத்துத் தெரியாதே?" அங்கிள் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊர் நீதவான் கையெழுத்து மாறிட்டுது எண்டு போன முறை திருப்பி அனுப்பிப்போட்டார். கைநாட்டு வைச்சால் கோலாலம்பூரிலை இருக்கிற பெறாமக்களுக்கு, அவன்ரை சகோதரங்களின்ரை பிள்ளையளுக்குக் கதை போகும். அவை வந்து வயோதிபர் ஆச்சிரமத்திலை விட்டிடுவினம். அவனுக்கு அதுதான் பயம்."

"தெரிஞ்சும் ஏன் வந்தனீங்கள்?"

"செரம்பானிலை என்னாலை ஆருக்கும் ஒரு தேவையும் இல்லை, பிள்ளை."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, வண்டி இத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதுவரை ஒருநாளும் சொல்லாததை அப்போது சொன்னேன். "அப்பா, நீங்கள் எங்களோடை வந்து இருங்கோ."

"எந்த அறையிலை?" என்று கேட்டார்.

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே விபரம் கேட்டார். நான் அந்த இரண்டு அறையையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப எண்ணினேன். என்ஜின் இரைச்சல் பெரிதாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அவர் என் முழங்கையைத் தட்டி, "சரி, விடு. இங்கை எனக்கு வேலை கிடக்கு" என்றார்.

அன்று மாலை குசினியில் டீச்சரைப் பிடித்து நாலு கேள்வி கேட்டேன். நேர்மையில்லாத வேலை என்றும் சொன்னேன். டீச்சர் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "நான் பத்துப் பேருக்கு எழுதினனான், பிள்ளை. ஏழு அறையெண்டு எல்லாருக்கும்தான் எழுதினனான். வந்தது உன்ரை கொப்பர் மட்டும்தான்" என்றார்.

இப்போது, கேள்வி கேட்ட மூன்று பேருக்கும் என் ஆலோசனை. மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். கார்த்திகையில் மழை தொடங்கினால் ஓட்டு வீட்டின் குணம் தெரியும், ஆகவே வீடு பார்க்கிறவர்கள் ஒருமுறை மழைக்காலத்திலும் போய்ப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கல்லோயாவில் பெட்டியைக் கேட்டு ஏறுங்கள். மூதூருக்கு இப்போது பாலங்கள் வழியாகத் தரையாலேயே போகலாம், குடாவைக் கடக்க வேண்டியதில்லை. கடல் தெரியும் வீடு வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். கடல் இரண்டு கிழமையில் பழகிவிடும். அதற்குப் பிறகு காலையில் எழும்பினால் உங்களை யார் கூப்பிடப் போகிறார்கள் என்பதை யோசித்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தாய்தகப்பன் "எனக்கு அங்கே சுகமாக இருக்கும்" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். நம்புவது நமக்குச் சௌகரியம். நான் நம்பினேன்.

மூன்று பேரும் அந்த வீட்டில் ஏழரை வருடம் இருந்தார்கள். அப்பா 1981 தொடக்கத்தில் அங்கேயே காலமானார். டீச்சர்தான் பிறகு அங்கிளை ஈப்போவுக்குக் கூட்டிவந்து, தன் தங்கையின் வீட்டில் வைத்துக் கடைசிவரை பார்த்தார். நான் இடையில் நான்கு தரம் போய் வந்தேன். இன்னும் போயிருக்கலாம். பிள்ளைகள், வேலை, மாமியாரின் சுகவீனம் என்று அப்போது சொன்ன காரணமெல்லாம் சரியான காரணங்கள்தான். இருந்தாலும் போயிருக்கலாம்.

அந்தப் பத்தாம் நாளைச் சொல்லி முடிக்கிறேன். காலை ரயில், 7.20. டீச்சர் பாணும் சம்பலும் கட்டித் தந்துவிட்டு வீட்டிலேயே நின்றுவிட்டார், அவருக்குப் பிரியாவிடை பிடிக்காது. அப்பாவும் அங்கிளும் வந்தார்கள். நான் யன்னல் ஓரம் இருந்தேன். அன்று எந்தப் பெட்டி என்றுகூட நான் பார்க்கவில்லை, அப்பாதான் பார்த்து ஏற்றினார். வண்டி அசையத் தொடங்கியதும் என்னால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் நனைய அழுதேன். அங்கிள் அப்பாவின் தோளில் கை வைத்தபடி, வண்டிச் சத்தம் போகும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கனகு, பிள்ளை என்ன செய்யுது?"

அப்பா என்னை நேரே பார்த்துக்கொண்டு, நிலையம் முழுக்கக் கேட்கச் சொன்னார். "சிரிச்சுக்கொண்டு கை காட்டுது."

நான் அவசரமாகக் கையை எடுத்துக் காட்டினேன். சிரிக்கவும் பார்த்தேன்.